தரையைத் தொடும் புள்ளி

மதுரைச் சித்திரைத் தேரோட்டத்தன்று கீழமாசி வீதியில் நின்றுகொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்த என் அக்கா மகள் அம்மன் தேரின் சக்கரத்தையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "மாமா, ஓடுற சக்கரத்துல தரையைத் தொடுற இடம் மட்டும் நிக்குதுன்னு புக்குல போட்டிருக்கே, அது எப்படி மாமா நிக்கும்?" என்று கேட்டாள். அந்த நெரிசலில் சக்கரத்தைப் பற்றிப் பேச வழியில்லை. வடங்களை மட்டும் காட்டினேன். இரண்டு வடங்களும் இணையாக இருக்கையில் இழுவிசைகள் அப்படியே கூடும். சம விசை கொண்ட இரண்டுக்கும் இடையே 60 பாகை விரிந்தால் தொகுபயன், அதாவது இரண்டும் சேர்ந்து தரும் விசை, ஒரு வடத்தின் விசையைப் போல் 1.73 மடங்குதான், 120 பாகை விரிந்துவிட்டால் இரண்டு வடத்துக் கூட்டமும் சேர்ந்து ஒரு வடத்தின் வேலையைத்தான் செய்யும். இதை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். சக்கரம்தான் அவளை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு நினைவூட்டியது, புது வண்டிக்குப் பூசை போடும்போது டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்தை. வண்டி ஏறும்போது அந்தப் பழம் வைத்த இடத்திலேயே நசுங்குகிறதே தவிர, டயரோடு முன்னாலோ பின்னாலோ இழுபடுவதில்லை. கோடை மழை பெய்த மறுநாள் ஒத்தக்கடைப் பக்கத்துச் செம்மண் பாதையில் பார்த்தால், டயரின் பட்டன்கள் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போலப் பதிந்திருக்கும். பிரேக்கை அழுத்திச் சக்கரம் பூட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் அந்த அச்சு அழிந்து நீளமான இழுப்பாக இருக்கும். தரையைத் தொடும் கணத்தில் டயரின் அந்தப் புள்ளி நிற்காவிட்டால் இவ்வளவு துல்லியமான தடம் விழவே விழாது.

இதற்குக் காரணம் வெக்டர் கூட்டலில், அதாவது திசையையும் கணக்கில் எடுத்துக் கூட்டுவதில், இருக்கிறது. உருளும் சக்கரத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு திசைவேகங்கள் உண்டு: ஒன்று, வண்டியோடு முன்னே செல்வது, மற்றொன்று, அச்சைச் சுற்றிச் சுழல்வது. வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் சென்றால், உச்சியில் இரண்டும் ஒரே திசையில் கூடி 80 ஆகின்றன. அடியில் எதிரெதிராக நின்று சுழியாகின்றன. அச்சின் உயரத்தில், பின்பக்க விளிம்பில், ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று மேல்நோக்கியும் இருப்பதால், அந்தப் புள்ளி 45 பாகைச் சாய்வில் ஏறத்தாழ 56.6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. மட்காடு இல்லாத சைக்கிளில் மழையில் போய் வந்தவரின் சட்டை முதுகில் செங்குத்தாக ஒரு சேற்றுக் கோடு விழுவது இப்படி ஏறிவரும் சேற்றினால்தான்.

தொடும் புள்ளி நிற்பதனால் அங்கே செயல்படுவது ஓய்வுநிலை உராய்வு, அதாவது ஒன்றன்மேல் ஒன்று நழுவாத பரப்புகளுக்கு இடையிலான உராய்வு. நழுவும் பரப்பில் உராய்வு ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். நழுவாத இடத்திலோ அது வேலை ஏதும் செய்வதில்லை, ஆனாலும் சக்கரத்தைச் சுழல வைக்கிறது. என்னைப் பொறுத்தவரை பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இதைவிட அழகான செய்தி கிடையாது. அதைச் சொன்னால் மட்டும் போதாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால், லேத் பட்டறையில் 4 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. நீளமும் உள்ள இரும்பு உருளை ஒன்றை வெட்டி வாங்கினேன். எடை அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதன் அச்சில் ஊசியும் கம்பி வளையமும் பொருத்தி, ஒரு சுருள்வில்லால் சுவரோடு கட்டினேன். முதல் முயற்சி கெட்டுப்போனது: உருளை நடுநிலையைத் தாண்டியதும் வில் தொய்ந்துவிட்டது. பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக, இரண்டும் இழுபட்ட நிலையிலேயே இருக்கும்படி கட்டினேன். 50 கிராம் படிக்கல்லைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு வில்லும் ஏறக்குறைய 5 செ.மீ. நீளும் அளவுக்கு மென்மையானது.

முதலில் அதே இரண்டு விற்களையும் அருகருகே மாட்டி, உருளையைத் தொங்கவிட்டு மேலும் கீழும் ஆடவிட்டோம். பத்து அலைவுகளுக்குப் பத்து விநாடி ஆனது. பிறகு மேசையில் நழுவாமல் உருளவிட்டபோது, பத்து அலைவுகளுக்குப் பன்னிரண்டு விநாடிக்குச் சற்று மேல் ஆனது. விற்களும் நிறையும் மாறவில்லை. விற்களின் ஆற்றல் இப்போது உருளையை நகர்த்துவதோடு சுழற்றவும் வேண்டியிருக்கிறது. திண்ம உருளையின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்ற முயன்றால் அது காட்டும் எதிர்ப்பின் அளவு) நிறைக்கும் ஆரத்தின் வர்க்கத்துக்கும் உள்ள பெருக்கலில் பாதி என்பதால், அதன் நிறை ஒன்றரை மடங்கானது போலவே நடந்துகொள்கிறது. அலைவுநேரம் 1.5 இன் வர்க்கமூலம், அதாவது 1.22 மடங்கு நீள்கிறது. ஆரம் இந்தக் கணக்கில் நீங்கிவிடுவதால் உருளை தடித்ததா மெலிந்ததா என்பது பொருட்டில்லை. உராய்வு விசை ஒவ்வொரு கணமும் விற்களின் மொத்த விசையில் சரியாக மூன்றில் ஒரு பங்காக, உருளை நடுவை நோக்கி முடுக்கப்படும்போது எதிர்த்திசையில் நிற்கிறது.

அடுத்து, அதே எடைக்கு நீளமாக வெட்டிய ஓர் இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் தெர்மாகோல் அடைத்து எடுத்துவந்தேன். ஆடவிடுவதற்கு முன்பே அவள் நோட்டில் கணக்குப் போட்டு, நிறை முழுவதும் விளிம்பில் இருந்தால் அது இரண்டு மடங்கானது போல, அப்படியானால் அலைவுநேரம் 2 இன் வர்க்கமூலம் மடங்கு, பத்து அலைவுக்கு 14 விநாடி என்று எழுதிவைத்தாள். கடிகாரம் 13.8 காட்டியது. "குழாய்க்குக் கனம் இருக்குல்ல மாமா, எல்லாமே விளிம்புல இல்லையே" என்று அவளே சொல்லிவிட்டு, குழாய்ச் சுவரின் கனத்தை அளக்க ஸ்கேலை எடுத்தாள்.