ஜூக்கன் பள்ளத்தாக்கில் தகர்த்த குகைகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா முழுக்கச் செம்மண்ணும் இரும்புத் தாதும்தான். அந்த நாட்டின் ஏற்றுமதியில் முதலிடம் இந்தத் தாதுக்கு. பெரும்பகுதி சீனாவுக்குப் போகிறது.

அங்கே ஜூக்கன் பள்ளத்தாக்கின் பாறைக்குகைகளில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். 2020 மே 24 அன்று ரியோ டின்டோ நிறுவனம் சுரங்கத்துக்காக அவற்றை வெடி வைத்துத் தகர்த்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எல்லாம் சட்டப்படி நடந்ததுதான் பெரிய கொடுமை. பழங்குடி மக்களின் மரபுச் சின்னங்கள் பற்றிய 1972-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் 2013-லேயே அமைச்சர் தகர்க்க அனுமதி கொடுத்துவிட்டார். மறு வருடம் அகழ்ந்தபோது, மனித முடியால் பின்னிய 4,000 ஆண்டுப் பழைய இடைக்கச்சின் துண்டு கிடைத்தது. அதன் மரபணு, அந்த மண்ணுக்கு உரிய புட்டு குண்டி குர்ராமா, பினிக்குரா மக்களோடு ஒத்துப்போனது. அதே மக்கள், இன்றும் அங்கேயே! அப்புறமும் கொடுத்த அனுமதியை மறுபடி பரிசீலிக்க அன்றைய சட்டத்தில் வழி இருக்கவில்லை.

நாடாளுமன்ற விசாரணை நடந்தது, நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2023 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. விவசாயிகள் எதிர்த்ததும் சில மாதங்களிலேயே அதை நீக்கிவிட்டு, பழைய சட்டத்தையே திருத்தங்களோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். இனி புதிய தகவல் கிடைத்தால் அனுமதியை மறுபரிசீலனை செய்யலாமாம். சரி, அதுவாவது கிடைத்ததே.