வளவுச் சுவரில் டிவி மாட்டிய கதை

அப்பத்தாவுக்கு 43 அங்குல டிவி வாங்கியாயிற்று. செட்டிநாட்டுப் பள்ளத்தூரில், பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டில் எங்கள் பங்குக்கு அதை வைக்க இருக்கும் ஒரே இடம், வளவுப் பத்தியில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தேக்குப் பெட்டகத்துக்கு மேலே உள்ள சுவர். பெட்டகத்தை நகர்த்த நாலு ஆள் வேண்டும். சுவரில் துளை போட மற்ற நான்கு பங்காளிகளிடமும் சொல்ல வேண்டும். மூன்று பேர் சரி என்றார்கள். சிங்கப்பூர் சித்தப்பா மட்டும், முடிந்ததும் படம் அனுப்பு என்றார். எல்லாரையும் பிடித்துப் பேசவே ஒரு வாரம் ஓடிவிட்டது.

கடையிலிருந்து மாட்டித் தர வந்த பையன், டிரில்லை ஹேமரில், அதாவது இடித்துத் துளைக்கும் முறையில், வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினான். கண்ணாடி மாதிரி இருந்த பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. "இந்தச் சுவர்ல நிக்காது சார்" என்று கிளம்பியும் விட்டான். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு, அதிர்வு தாங்காது. அப்பத்தா எதுவும் சொல்லவில்லை. விழுந்த சில்லுகளைப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

மறுநாள் பழைய வீடுகளில் வேலை பார்க்கும் கொத்தனார் ஒருவர் வந்தார். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தட்டைச் செங்கல். ரெண்டு அங்குலத்துக்கு ஒரு சாந்து வரும். சாந்துல கட்டை அடிச்சா நாளைக்கே கழண்டு வரும்" என்றார். கட்டை என்றால், ஸ்குரூ பிடிக்கத் துளைக்குள் அடிக்கும் பிளக். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, குறித்த இடங்களில் டேப் ஒட்டினோம். ஹேமரை அணைத்துவிட்டு, முதலில் 6 மி.மீ. பிட்டால் மெதுவாக. சிவப்புத் தூள் வந்தால் செங்கல், வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தால் சாந்து. நான்கில் மூன்று சிவப்பு. நான்காவது வெள்ளை. பிராக்கெட்டில் நீளவாக்கில் துளைகள் இருந்ததால் ஓர் அங்குலம் தள்ளிப் போட முடிந்தது. அப்புறம் 10 மி.மீ. பிட்; தூளை சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தோம். பெட்டியோடு வந்த கட்டைகள் குட்டையானவை, பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போகவே போகாது. மூன்று அங்குலக் கட்டையும் ஸ்குரூவும் காரைக்குடியில் வாங்கி வந்தேன்.

டிவியின் முதுகில் 200-க்கு 200 மி.மீ. இடைவெளியில் நான்கு துளைகள், எம்6 ஸ்குரூ. நீளம் கூடினால் உள்ளே எதையாவது குத்திவிடும் என்பதால், முதலில் கையாலேயே திருகிப் பார்த்தேன். இரண்டு பேர் தூக்கிக் கொக்கியில் மாட்டி, அடி ஸ்குரூவை இறுக்கினோம். சாய்க்கும்போது இழுக்காமல் இருக்க வயர்களைத் தொய்வாக விட்டேன்.

சாயும் பிராக்கெட்டைத் தேடி வாங்கியதே அப்பத்தா கீழே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றுதான். நேராக இருந்தபோது முற்றத்து வானம் முழுக்கத் திரையில் தெரிந்தது. நன்றாகச் சாய்த்தால் வானம் போய், எதிர்ப் பத்தியின் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பளபளத்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. பாதி சாய்ப்பில் நிறுத்தி, எதிரே அந்தக் கல்லின் மேல் ஒரு பாயை விரித்தேன். "இப்பத்தாம்ப்பா முகம் தெரியுது" என்றார்கள் அப்பத்தா.

சித்தப்பாவுக்குப் படம் அனுப்பிவிட்டேன். பெயர்ந்த இடம் டிவிக்குப் பின்னால் இருக்கிறது.