புற்றுநோய் ஆய்வுக் குழுவில் நோயாளியாக

கன்னத்தில் வந்த புற்றுநோய்க்கு ஒப்பரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து, கிளினிக்குக்கு மட்டும் போய்வந்த காலத்தில் ஒரு டொக்டர் மிஸ் என்னிடம் கேட்டார்: தேயிலைத் தோட்டங்களில் வாய்ப்புற்றுநோய் பற்றி ஓர் ஆய்வு செய்யப்போகிறோம், அதைத் திட்டமிடும் குழுவில் நோயாளிகள் சார்பில் இருப்பீர்களா அம்மா? நான் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்தவள். ஓ.எல். வரைதான் படிப்பு. அதைச் சொன்னேன். "படிச்சவங்க எங்ககிட்ட நெறைய இருக்காங்கம்மா. இந்த வருத்தத்த அனுபவிச்சவங்கதான் இல்ல" என்றார்.

ஆய்வில் சேருகிறவர் இரத்தம் கொடுப்பார், சதைத்துண்டு கொடுப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். நோயாளர் பிரதிநிதியின் வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது. எதற்காக எடுக்கிறீர்கள், மிச்சத்தை எங்கே வைப்பீர்கள், முடிவை யாரிடம் சொல்வீர்கள் என்று அவர் கேட்க வேண்டும்.

முதல் சில மாதங்கள் படிப்பில் போயின. மனிதரை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு 1964இலேயே ஹெல்சிங்கியில் ஒரு பிரகடனம் எழுதியிருக்கிறார்கள். சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் அவருடைய சிகிச்சை கெடக்கூடாது. புதிய மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பல ஆய்வுகளில் சீட்டுக் குலுக்குவதுபோலத்தான் முடிவு செய்வார்கள், டொக்டர் ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என்னை உலுக்கியது வேறொன்று. புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்குப் போட்டால் ஒன்றும் செய்யாது என்று எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நம்பினோம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் இருக்கிறது. குளிருக்கும் பசிக்கும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு மலையேறும் பெண்களை நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

பிறகு ஆய்வுத் திட்டத்தைக் கையில் தந்தார்கள். வாரநாள் காலையில் டவுன் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், பஸ் காசு தருவோம் என்று இருந்தது. நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாத பெண்ணுக்கு அன்றைக்குப் பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) விழாது, பிந்திப் போய்க் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான். பஸ் காசைவிட நாட்சம்பளம் பெரிது. இதைச் சொன்னதும் அறையில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பரிசோதனையை ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலேயே வைப்பதாக மாற்றினார்கள்.

ஆட்களைத் தோட்ட ஒபிஸ் மூலம் கூப்பிடுவதாகவும் இருந்தது. அதற்கு நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியனுப்பினால் லயத்தில் யார் மாட்டேன் என்பார்கள்? பயத்தில் வைக்கும் கையெழுத்து சம்மதமாகாது. படிவத்தை வீட்டுக்குக் கொடுத்து யோசிக்க நாள் கொடுங்கள், கைநாட்டு வைக்கிறவருக்கு ஆய்வுக் குழுவையும் நிர்வாகத்தையும் சேராத ஒருவர் சாட்சியாக இருக்கட்டும் என்றேன். ஆய்வு நியாயமாக நடக்குமா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவும் அதையே கேட்டது.

இன்னொன்று. முன்பு எங்கள் லயத்துக்கு வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டு போனவர்கள், என்ன கண்டார்கள் என்று சொல்லத் திரும்பி வரவேயில்லை. பிறகு புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைப் படலம் வாயில் இருந்தவர்களுக்காவது சொல்லியிருக்க வேண்டாமா? இந்தத் தடவை படலம் உள்ளவருக்கும், மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்க முடியாதவருக்கும் அன்றைக்கே பல் கிளினிக்குக்குக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுத வைத்தோம்.

இதற்கு வர நினைப்பவர்கள் சொந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லப் பழகுங்கள். கூட்டத்தில் நேரம் கொஞ்சம்தான், அதில் வர முடியாத மற்றவர்களுக்காகவும் பேச வேண்டும். விளங்காததை விளங்கும்வரை கேளுங்கள். நெறிமுறைக் குழுக்களிலும் மருத்துவம் படிக்காத உறுப்பினருக்கு இடம் உண்டு. நாட்டில் பதிவான மருத்துவப் பரிசோதனைகளை இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம்.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய். எங்கள் குழுவில் இருக்கும் நோயாளிகளோ நானும் இன்னொரு அக்காவும்தான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும், மருந்தடிக்கும் ஆண்களுக்கு எந்த நேரம் சரிவரும், எதற்கு வெட்கப்படுவார்கள் என்று எங்களால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. சிகிச்சை முடித்த அண்ணன்மார் யாராவது அடுத்த கிளினிக் நாளில் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்: "இங்க ஏதும் ஆராய்ச்சி நடக்குதா, அதுல எங்களுக்கும் பேச இடம் இருக்கா?"