நிம்மதியாகத் தூங்குகிறார்

ஐசியுவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இரவு டூட்டி. மணி ஒன்றரை இருக்கும். "நோயாளி அமைதியாக இருக்கிறார், நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பதினொரு வருடம் ஆகிவிட்டது. எத்தனையோ ஷீட் எழுதிவிட்டேன், அந்த வரி மட்டும் மறக்கவில்லை.

அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் செய்துகொள்பவர். ஊரில் ஒரு கருமாதி, அப்புறம் வீட்டில் ஏதோ வேலை என்று அடுத்தடுத்து இரண்டு தடவை வராமல் விட்டுவிட்டார். வந்து சேர்ந்தபோது நிமிடத்துக்கு 34 மூச்சு. அதுவும் மேலோட்டமான மூச்சு இல்லை, மாடிப்படி ஏறி வந்தவர் போல ஆழமான மூச்சு. ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்குகிறார், எழுந்து உட்காருகிறார், கையில் போட்ட ஊசியை இழுக்கிறார். பக்கத்துக் கட்டில்காரரின் மகள் இரண்டு தடவை வந்து முறைத்துவிட்டுப் போனார்.

டூட்டி டாக்டர் வேறு ஒரு அவசர கேஸில் இருந்தார். போன் செய்து, "சார், ரொம்ப ரெஸ்ட்லெஸ்ஸாக இருக்கிறார், ஏதாவது கொடுக்கலாமா?" என்று கேட்டேன். மிடசோலம் என்ற தூக்க மருந்தை 2 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். அவராகச் சொன்னது இல்லை, நான் கேட்டு வாங்கியது. பத்து நிமிடத்தில் ஆள் அடங்கிவிட்டார். மூச்சு 34 இருந்தது 14 ஆனது. மானிட்டரில் ஆக்சிஜன் 98. பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் நார்மல் மனிதர் மாதிரி படுத்திருந்தார். அப்போதுதான் அந்த வரியை எழுதினேன்.

இரண்டே காலுக்கு மானிட்டரில் ஈசிஜி கோடு அகலமாகத் தொடங்கியது. தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஏபிஜி ஓட்டினோம், ரத்தத்தின் அமிலத்தையும் வாயுக்களையும் அளக்கும் சோதனை அது. இரவு பதினொரு மணிக்கு 7.16 இருந்த பிஎச், அதாவது அமில அளவைச் சொல்லும் எண், இப்போது 6.97.

கேட்பவர்களுக்கு இது ஏதோ பைசாக் கணக்கு போலத் தோன்றும். ஆரோக்கியமான ரத்தத்தின் பிஎச் 7.35-லிருந்து 7.45-க்குள் நிற்கும். ஆனால் அந்த எண்ணின் அளவுகோல் ஏமாற்றுகிற அளவுகோல். 0.3 இறங்கினால் அமிலம் இரண்டு மடங்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். 7.4-ல் ஒரு லிட்டர் ரத்தத்தில் ஹைட்ரஜன் அயனி 40 நானோமோல். அவர் வந்தபோது கிட்டத்தட்ட 70. என் ஊசிக்குப் பிறகு 107. இதயத் தசைக்கு அது தாங்காது. போதாக்குறைக்கு, அமிலம் ஏறும்போது செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியமும் வெளியே வரும். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது ஏற்கெனவே கூடுதலாகத்தான் இருக்கும்.

வீட்டிலிருந்த டயாலிசிஸ் டெக்னீஷியனை எழுப்பி வரவழைத்தார்கள். கால்சியம் ஏற்றி, ஆம்பு பேக்கை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்து, மூன்றரை மணிக்கு மெஷினில் போட்டோம். பிழைத்துக்கொண்டார். டெக்னீஷியன் அண்ணன் இரண்டாவது கேனில் வெள்ளைத் தூளைக் கரைத்துக்கொண்டே, "என்னம்மா பாக்குற? நம்ம ஆப்ப சோடாதான் இது" என்றார். உண்மைதான். பைகார்பனேட் என்று நாம் மரியாதையாகச் சொல்வது சுத்தப்படுத்தப்பட்ட அதே சோடாதான். நோயாளியின் ரத்தத்தில் தீர்ந்துபோயிருந்த சரக்கு அது. இருக்க வேண்டியது 22-லிருந்து 26. அவரிடம் இருந்தது 9.

காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பதினொரு மணி ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்து, "கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு போட்டிருக்கு?" என்றார்.

"26, சிஸ்டர்."

"நார்மல்?"

"35-லிருந்து 45."

"அப்போ ஏன் குறைஞ்சது?"

யோசித்ததே இல்லை. குறைவுதானே, நல்லதுதானே என்று விட்டிருந்தேன்.

அன்று அவர் சொன்னதைத்தான் இன்று வரை புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானும் சொல்கிறேன். உடம்பு நாள் முழுக்க அமிலம் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. சாப்பாட்டை எரித்து வரும் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 15,000 மில்லிமோல். தண்ணீரில் கரைந்தால் அதுவே அமிலம். கோலி சோடாவைக் குடித்தால் நாக்கில் சுரீர் என்று பிடிக்கிறதே, அந்தப் புளிப்பு. கோலியைத் தட்டியதும் புஸ்ஸென்று போவது போல, இந்த அமிலம் நுரையீரல் வழியாகக் காற்றோடு போய்விடும். புரதத்திலிருந்து வரும் கந்தக அமிலம் போன்றவை அப்படிக் காற்றாகப் போகாது. ஒரு நாளைக்கு 70 மில்லிமோல் போலத்தான் வரும், ஆனால் சிறுநீரகம் மட்டுமே அதை வெளியேற்ற முடியும். இவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. அந்த அமிலம் சேரச் சேர, பைகார்பனேட் அதை மட்டுப்படுத்திவிட்டுத் தானும் தீர்ந்துகொண்டே வரும்.

"பைகார்பனேட் கையில இருக்கிற காசு. சிறுநீரகம் மாசச் சம்பளம், வந்து சேர மூணு நாலு நாள் ஆகும். நுரையீரல் தினக்கூலி. இந்த மனுஷனுக்குக் கையிலயும் காசு இல்ல, சம்பளமும் நின்னு போச்சு. தினக்கூலியில ஓட்டிக்கிட்டிருந்தாரு. நீ அவரை வேலைக்குப் போக விடாம கட்டிப் போட்டுட்டே" என்றார்.

அந்த 34 மூச்சு நோய் அல்ல. கழுத்துத் தமனியோரத்திலும் மூளையின் அடியிலுள்ள முகுளத்திலும் இருக்கும் உணரிகள் அமிலம் ஏறுவதைப் பார்த்து, வெளியேற்று வெளியேற்று என்று நெஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தன. அதற்கு ஒரு கணக்கும் உண்டு. பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று வரும், இரண்டு கூடலாம் குறையலாம். அவருக்கு 21, 22 வந்திருக்க வேண்டும். 26 இருந்தது. அதாவது நான் ஊசி போடும் முன்பே ஆள் களைத்துப் போயிருந்தார். அதன் மேல்தான் நான் தூக்க மருந்து கொடுத்தேன்.

ஆக்சிஜன் 98 காட்டியதே என்று கேட்டேன். விரலில் மாட்டும் கிளிப்புக்குக் கார்பன் டை ஆக்சைடு தெரியாது. மாஸ்க்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு பாதியாகக் குறைந்தாலும் அது 98 என்றுதான் சொல்லும்.

பிற்பாடு ஒரு விஷயம் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்தவர்களின் ரத்தத்தில் பைகார்பனேட் ஏறிக் கிடந்தது. டாக்டர்கள் அதை ஏதோ புரியாத காரத்தன்மை என்று நினைத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், காரமெல்லாம் இல்லை, கார்பன் டை ஆக்சைடு வெளியே போக முடியாமல் தேங்குகிறது என்றார். ஆகஸ்ட் மாதம் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் குழாய் வைத்துக் கையால் பையை அமுக்கி அதை நிரூபித்தும் காட்டினார். அதன்பின் மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு இரவு பகலாகப் பை அமுக்கினார்கள். ஐசியு என்ற ஏற்பாடே அதிலிருந்து வந்ததுதான். அவ்வளவு பெரிய இடத்திலேயே ஒரு எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். 19 வயது, சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போடுபவன். இரண்டு நாள் வாந்தி. "சாப்பிடவே இல்லையே, எதுக்கு ஊசி" என்று இன்சுலினை நிறுத்திவிட்டிருக்கிறான். மூச்சு வாங்குவதைப் பார்த்து இழுப்பு என்று நினைத்து வழியில் ஒரு கிளினிக்கில் நெபுலைசேஷன் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் ஒரு விசில் சத்தம் இல்லை. பக்கத்தில் குனிந்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. இன்சுலின் இல்லாவிட்டால் ஈரல் கீட்டோன் அமிலம் தயாரிக்கும், அதோடு வரும் வாடை. சிலருக்கு அந்த வாடை தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும்.

மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்த ஜூனியர் பிள்ளை சிரிஞ்சில் ஒரு குமிழியை விட்டுவிட்டாள். தட்டி வெளியேற்றச் சொன்னேன். காற்றுக் குமிழி இருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. மெஷின் வழக்கம்போல அந்த நேரம் பார்த்துத்தான் காலிபரேஷனில் போய் உட்கார்ந்தது. பிறகு வந்தது: பிஎச் 7.04, கார்பன் டை ஆக்சைடு 14, பைகார்பனேட் 4-க்கும் கீழே. கணக்குப் போட்டால் 13, 14 வருகிறது. பையன் தன் கூலியைச் சரியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தான். அதே ரத்தத்தோடு நம்மைப் போல கார்பன் டை ஆக்சைடு 40 வைத்துக்கொண்டு மூச்சு விட்டிருந்தால் பிஎச் 6.6-க்குப் போயிருக்கும்.

"அக்கா, ரொம்ப கஷ்டப்படுறான், தூங்க ஏதாவது கேக்கலாமா?" என்றாள் அவள். நல்ல மனசு. நானும் அப்படித்தான் கேட்டேன். வேண்டாம், அவன் மூச்சை அவனிடமே விடு என்றேன். சலைன், இன்சுலின், மணிக்கொரு சர்க்கரைப் பரிசோதனை, பொட்டாசியத்தின் மேல் ஒரு கண், அவ்வளவுதான். ஈரல் கீட்டோன் அமிலம் தயாரிப்பதை நிறுத்தினாலே மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

நடுவில் பையனின் சித்தப்பா ஆல்கலைன் தண்ணீர் என்று ஒரு பாட்டிலோடு வந்தார், வாட்ஸ்அப்பில் பார்த்தாராம். வயிற்றில் இருக்கும் அமிலத்தைத் தாண்டி அது ரத்தத்துக்கு எதுவும் செய்யப்போவதில்லை. அவரிடம் அதையெல்லாம் விளக்க அப்போது நேரமில்லை, பாட்டிலை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

விடியற்காலை நாலரைக்கு அவன் அம்மா கதவோரம் நின்று, "தூங்குறான் போல இருக்கு சிஸ்டர். இப்பதான் மூச்சு நல்லா இருக்கு" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. போய், "தம்பி, கண்ணைத் திறப்பா" என்று தோளைத் தட்டினேன். திறந்தான். எரிச்சலோடுதான் திறந்தான். நெஞ்சில் கை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 22. ஏபிஜி ஓட்டினோம். பிஎச் 7.26, பைகார்பனேட் 13.

"காபி கிடைக்குமா?" என்றான். சர்க்கரை இல்லாமல் அரை டம்ளர் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். ஷீட்டில் நேரம் போட்டு, 22 என்று மட்டும் எழுதினேன்.