அட்டை, ஸ்டாம்ப், முத்திரை: கலங்கரை விளக்கச் சேகரிப்பு இதுவரை

போன வருடம் வரை என் கலங்கரை விளக்கச் சேகரிப்பில் எந்த ஒழுங்கும் கிடையாது. தபால்தலையில் ஒரு கோபுரமும் கொஞ்சம் அலையும் தெரிந்தால் போதும், ஆல்பத்துக்குள் போய்விடும். இப்போது பாதிக்கு மேல் வெளியே எடுத்துவிட்டேன். முதலில் கழிந்தவை பளபளவென்று வரும் மினியேச்சர் ஷீட்டுகள், அதாவது ஸ்டாம்ப்பை அலங்கார ஓரத்தோடு அச்சடித்த சின்னத் தாள்கள். சேகரிப்பவர்களிடம் விற்பதற்கென்றே, வேறு நாட்டு விளக்குகளைப் போட்டு அச்சடிப்பார்கள். கடலே இல்லாத நாடுகளின் பெயரில்கூட வருகின்றன. அந்த நாட்டில் அதை ஒட்டி ஒரு கடிதமாவது போயிருக்குமா என்பது சந்தேகம்தான். எல்லாவற்றையும் எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்கு ஒரே குஷி.

இப்போது கணக்கு வேறு. ஒரு விளக்கை எடுத்துக்கொண்டால் மூன்று சங்கதி சேர வேண்டும்: அந்த விளக்கின் படம் உள்ள போஸ்ட்கார்டு, அதே விளக்கு உள்ள ஸ்டாம்ப், அந்த ஊர்த் தபால் நிலையத்தின் முத்திரை. ஸ்டாம்ப்பைப் படத்தின் பக்கமே ஒட்டி, அதன்மேல் முத்திரை விழ வேண்டும். இதற்கு மேக்ஸிமம் கார்டு என்று பெயர். போட்டிக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் கறாராக இருப்பார்கள். அட்டை ஸ்டாம்ப்பின் நகலாக இருக்கக் கூடாது. முடிந்தவரை ஸ்டாம்ப் வெளிவருவதற்கு முன்பே கடையில் விற்ற அட்டையாக இருக்க வேண்டும். முத்திரையும் வெளியீட்டுத் தேதியை ஒட்டி விழுந்திருக்க வேண்டும். எனக்குப் போட்டி ஆசை இல்லாததால் தேதி விஷயத்தை மட்டும் தளர்த்திக்கொண்டேன். படமும் ஊரும் பொருந்தவில்லை என்றால் சேர்ப்பதில்லை.

தொடங்கியது மாமல்லபுரத்தில். சென்னையில் இருப்பவருக்கு இதைவிடச் சுலபமான இடம் கிடையாது, ஈ.சி.ஆர். பஸ் ஏறினால் ஆயிற்று. இந்தியத் தபால் துறை 2012-இல் இரண்டு விளக்குகளுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது, மாமல்லபுரத்துக்கு ஒன்று, ஆலப்புழைக்கு ஒன்று. இரண்டும் என்னிடம் மின்ட்டாகவே, அதாவது உபயோகிக்காத புதுசாகவே, இருந்தன. சிரமம் எல்லாம் அட்டையில்தான். கடைகளில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை என்று அடுக்கி வைத்திருப்பார்கள். விளக்கு ஏதாவது ஒரு மண்டபத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். எனக்கு விளக்கே பிரதானமாக இருக்கும் அட்டை வேண்டும். கடைசியில் சிப்பிச் சாமான் விற்கும் ஒருவர் பழைய கட்டு ஒன்றிலிருந்து உருவிக் கொடுத்தார். அதில் கூடுதல் லாபமும் இருந்தது. பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே இருக்கும் ஓலக்கணேசுவரர் கோயிலும் படத்தில் விழுந்திருக்கிறது. இப்போதைய கருங்கல் கோபுரம் வருவதற்கு முன்னால் அந்தப் பல்லவர் காலக் கோயிலின் உச்சியில்தான் விளக்கு வைத்திருந்தார்கள். ஆக, ஒரே அட்டையில் பழையதும் புதியதும் கிடைத்துவிட்டன.

தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்த அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சார், படத்து மேலயே ஸ்டாம்ப் ஒட்டியிருக்கீங்க? அட்ரஸ் எங்க?”

“அனுப்பறதுக்கு இல்ல மேடம், கலெக்‌ஷனுக்கு. சீல் மட்டும் போட்டுக் கையிலயே குடுத்துடுங்க.”

“அப்போ இது எங்கயும் போகாதா?”

“போகாது மேடம்.”

அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நியாயம்தான், தபால் வேலையில் இருப்பவருக்கு எங்கேயும் போகாத அட்டையைக் கண்டால் எப்படிப் பிடிக்கும்? ஆனாலும் வேலையை அழகாகச் செய்தார். முத்திரையை மைப்பட்டையில் தொட்டு, முதலில் ஒரு வெற்றுத் தாளில் இரண்டு தடவை குத்தி அதிக மையை இறக்கினார். அட்டைக்கு அடியில் மடித்த செய்தித்தாளை வைத்தார். பிறகு வட்டத்தில் பாதி ஸ்டாம்ப்பிலும் பாதி அட்டையிலும் விழுகிற மாதிரி நேராக அழுத்தி, அசைக்காமல் எடுத்தார். தேதி, ஊர்ப் பெயர் எல்லாம் பளிச்சென்று விழுந்தன. அடியில் மெத்தென்று ஏதாவது இருந்தால் முத்திரை முழு வட்டமாக விழும் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். இப்போதெல்லாம் பையில் ஒரு பழைய மவுஸ்பேடை எடுத்துக்கொண்டே போகிறேன்.

இதில் இன்னொரு விஷயம், அட்டையின் வழவழப்பு. புதிதாக வரும் அட்டைகளில் மினுக்குப் பூச்சு இருக்கிறது. அதில் தபால் மை உட்காராது. மணிக்கணக்கில் ஈரமாகவே இருந்து, விரல் பட்டால் இழுபடும். மினுக்கில்லாத மேட் அட்டையோ பழைய அட்டையோ என்றால் காகிதம் மையைக் குடித்துவிடும். மினுக்கு அட்டைதான் கிடைத்தது என்றால் முத்திரையின்மேல் எதையும் வைக்காமல் ஒரு நாள் முழுக்கத் திறந்து காயவிட வேண்டும்.

ஆலப்புழை அட்டை தபால் வழியாகவே முடிந்தது. 1862-இல் ஏற்றப்பட்ட விளக்கு அது. அந்த ஊருக்குப் பொருத்தமாகத் தேங்காய் எண்ணெயில்தான் எரிந்திருக்கிறது. ஸ்டாம்ப் ஒட்டிய அட்டை, என் விலாசம் எழுதிய இன்னொரு உறை, முத்திரை குத்தித் தரும்படி போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கடிதம், இவற்றைப் பெரிய உறையில் வைத்து அனுப்பினேன். திரும்பி வந்தது. இந்த வழி எல்லா ஊருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. வேறோர் ஊரிலிருந்து வந்த அட்டையில் முகவரிப் பக்கத்தில் முத்திரை குத்தி, ஸ்டாம்ப்பைப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். அதுவும் ஆல்பத்தில்தான் இருக்கிறது, தனிப் பக்கத்தில்.

சென்னைப் பக்கம் வந்தால் விஷயம் கொஞ்சம் சிக்கல். இந்த ஊரில் விளக்கு நான்கு இடம் மாறியிருக்கிறது. 1796-இல் கோட்டைக்குள், 1844-இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூண், 1894-இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உயரமான கோபுரம், 1977-இல் மெரினா. இதில் மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கீழே வழக்கு நடக்க, மேலே கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. 1962-இல் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் உயர் நீதிமன்றங்களின் நூற்றாண்டுக்கு 15 நயா பைசாவில் மூன்று ஸ்டாம்ப்கள் வந்தன. மெட்ராஸ் ஸ்டாம்ப் ஆகஸ்ட் 6 அன்று வெளியானது. அது கலங்கரை விளக்க ஸ்டாம்ப்பா, நீதிமன்ற ஸ்டாம்ப்பா? நண்பர் ஒருவர் நீதிமன்றம்தான் என்கிறார். 1962-இல் அந்தக் கட்டடத்தின் மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்ததே, பிறகு என்ன என்பது என் கட்சி. வாதம் இன்னும் முடியவில்லை. ஸ்டாம்ப் என் ஆல்பத்தில் ஏறிவிட்டது.

அதற்கு ஜோடியாக ஒரு பழைய அட்டை கிடைத்திருக்கிறது. நீதிமன்றமும் விளக்கும் தெரிகிற, வண்ணம் ஏற்றிய மெட்ராஸ் அட்டை. அந்தக் காலத்தில் ஹிக்கின்பாதம்ஸ், வீல் அண்ட் கிளைன் மாதிரி மெட்ராஸ் நிறுவனங்கள் இப்படி நிறைய அட்டைகள் வெளியிட்டன. அச்சு பல சமயம் ஜெர்மனியில் நடந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பை வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கட்டடத்தின் சிவப்பு கோட்டைத் தாண்டி வானத்துக்குள் வழிந்திருக்கிறது. வானமோ மெட்ராஸ் வானமே இல்லை; இளஞ்சிவப்பும் நீலமுமாக எங்கேயோ குளிர்ப் பிரதேசத்து மாலை. ஊரைப் பார்த்தே இராத யாரோ வண்ணம் சேர்த்திருக்க வேண்டும். பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கு மட்டும், நடுக்கோடு இல்லை. பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் செய்தியும் எழுதலாம் என்று பிரிட்டனில் அனுமதித்தது 1902-இல், அமெரிக்காவில் 1907-இல். அதற்கு முந்தைய அட்டைகளில் சேதி எழுத வேண்டுமானால் படத்தின் பக்கமே இடம் தேட வேண்டும். என் அட்டையை அனுப்பியவர் விளக்குக் கோபுரத்தின் இரண்டு பக்கமும் வானத்தில் பொடி எழுத்தில் நிரப்பியிருக்கிறார். இதனால் விலையைப் பாதியாகக் குறைத்தார் விற்றவர். எழுதாத அட்டைக்குத்தான் மதிப்பாம். எனக்கோ எழுதியதுதான் வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு: பழைய அட்டை அசல் புகைப்படமா, அச்சா என்று தெரிய லூப் போதும். அச்சென்றால் பெரும்பாலும் புள்ளிப் புள்ளியாகவோ நுணுக்கமான நெளிவுகளாகவோ தெரியும். புகைப்படம் என்றால் சாம்பல் நிறம் ஒரே சீராகக் கரையும். விளக்கின் கண்ணாடிக் கூண்டில் உள்ள கம்பிகளை எண்ண முடிகிறதா என்று பார்ப்பேன். புகைப்படத்தில் பெரும்பாலும் எண்ணிவிடலாம்.

வெளிநாட்டில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் 1990-இல் 25 சென்ட் புக்லெட்டில், அதாவது ஸ்டாம்ப்களைச் சின்னப் புத்தகமாகக் கட்டி விற்பதில், ஐந்து விளக்குகள் வந்தன. அப்புறம் 1995, 2003, 2007, 2009, 2013, 2021 என்று கடற்கரை கடற்கரையாக, ஒவ்வொரு தடவையும் ஐந்து. தொடரின் ஓவியர் ஹோவர்ட் கோஸ்லோ. எல்லாமே அவர் கைவண்ணம் என்பதால் வருடங்கள் ஓடினாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே குடும்பமாகத் தெரியும். புக்லெட் ஸ்டாம்ப்களில் ஒன்றிரண்டு பக்கத்தில் பல் விளிம்பு இருக்காது. அதைக் கத்தரித்தது என்று நினைத்து ஒதுக்க வேண்டாம்.

அந்த 1990 வரிசையில் கேப் ஹேட்டரஸ் ஒன்று. கறுப்பும் வெள்ளையும் சுருள் சுருளாகச் சுற்றிய செங்கல் கோபுரம். கடல் அரித்து அரித்துக் காலடிக்கே வந்துவிட, 1999-இல் அந்தக் கோபுரத்தை அப்படியே அடியோடு பெயர்த்து, தண்டவாளத்தின்மேல் நகர்த்தி, ஏறக்குறைய 2,900 அடி உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதாவது ஸ்டாம்ப் வந்தபோது விளக்கு இருந்த இடம் வேறு, இப்போது நிற்கும் இடம் வேறு. எனக்கு 1999-க்கு முந்தைய அட்டைதான் வேண்டும் என்று தேடினேன். பழைய அட்டையை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, அலை கோபுரத்தை நெருங்கி இருக்கும். கிடைத்துவிட்டது. பக்ஸ்டன் என்ற அந்த ஊர் முத்திரைதான் பாக்கி.

பிரிட்டன் 1998 மார்ச்சில் வெளியிட்ட ஐந்தும் சேர்ந்துவிட்டன. பிளிமத் ஊருக்கு அப்பால் கடலில் இருக்கும் எடிஸ்டோன் பாறையில் முதல் விளக்கு ஏற்றி 300 ஆண்டு ஆனதற்காக வந்தவை. அதே வருடக் கடைசியில் நார்த் ஃபோர்லண்ட் விளக்கும் தானியங்கியாகி, இங்கிலாந்துக் கரையில் ஆள் தங்கிக் காவல் காக்கும் விளக்கே இல்லை என்றானது. ஐந்தில் 63 பென்ஸ் ஸ்டாம்ப்தான் தலைவலி. அதில் இருப்பது 1698-இல் ஹென்றி வின்ஸ்டன்லி கட்டிய முதல் எடிஸ்டோன். 1703 புயலில் கோபுரமும் அவரும் சேர்ந்தே போய்விட்டார்கள். புகைப்படம் என்பதற்கே இடமில்லை. கடைகளில் விற்கும் எடிஸ்டோன் அட்டைகள் பெரும்பாலும் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் 1759-இல் முடித்த மூன்றாவது கோபுரம். அதன் மேற்பகுதியைப் பிளிமத்தில் கரைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ராயல் மெயில் ஸ்டாம்ப்பையே பெரிதாக்கி பி.எச்.க்யூ. கார்டு என்று விற்கிறது. அழகாக இருக்கும், ஆனால் அது நகல், என் கணக்கில் சேராது. ஆகவே வின்ஸ்டன்லி கோபுரத்தின் பழைய செதுக்கோவியத்தை அச்சிட்ட அட்டை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கிறேன். முத்திரைக்கு ஊர் எது? பாறையில் தபால் நிலையம் ஏது! பிளிமத் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெர்மனி அட்டைகள் வேறு வழியில் வருகின்றன. முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் போஸ்ட்கார்டு அனுப்பிக்கொள்ளும் போஸ்ட்கிராசிங் என்ற இணையதளத்தில், என் பக்கத்தில் கலங்கரை விளக்கம் பிடிக்கும் என்று எழுதி வைத்திருக்கிறேன். 2004 முதல் ஜெர்மனி விளக்குகளுக்கென்றே ஒரு ஸ்டாம்ப் வரிசை விடுகிறது. அங்கிருந்து எழுதுகிறவர்கள் விளக்கு அட்டைக்கு விளக்கு ஸ்டாம்ப்பையே தேடி ஒட்டி அனுப்புகிறார்கள். முகம் தெரியாதவர் இவ்வளவு மெனக்கெடுவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். இவற்றில் ஸ்டாம்ப் விலாசப் பக்கத்தில் இருப்பதால் மேக்ஸிமம் கார்டு ஆகாது. பரவாயில்லை, இதற்குத் தனி ஆல்பம்.

யூஸ்டு ஸ்டாம்ப்களை, அதாவது தபாலில் வந்தவற்றை, உறையிலிருந்து உரிப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு: பசை தடவிய பழைய ஸ்டாம்ப் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாகக் கழன்றுவிடும். அமெரிக்காவின் 1990, 1995 வரிசைகள் அப்படி. சமீபத்திய ஸ்டிக்கர் ஸ்டாம்ப்கள் தண்ணீருக்கு மசியாது. கெமிக்கலில் எல்லாம் நான் இறங்குவதில்லை. சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு உறையோடு வெட்டி வைத்துவிடுகிறேன்.

சென்னை ஈரப்பதம் பெரிய எதிரி. மின்ட் ஸ்டாம்ப்பின் பசை பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், பழைய அட்டையில் பழுப்புப் புள்ளி கிளம்பும். ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கிறேன், அலமாரியில் சிலிக்கா ஜெல். பி.வி.சி. கவர் வேண்டவே வேண்டாம். நாளாக நாளாக அதிலிருந்து கசிவது அட்டையைக் கெடுக்கும். மழைக்காலத்தில் ஆல்பத்தைத் திறப்பதே இல்லை.

இப்போது கையில் உள்ள வேலைகள் இரண்டு. 1985-இல் லட்சத்தீவில் உள்ள மினிக்காய் விளக்கின் நூற்றாண்டுக்கு ஒரு ரூபாய் ஸ்டாம்ப் வந்தது. அதற்குப் பொருத்தமான அட்டை கிடைத்து, தீவுத் தபால் நிலையத்துக்கு அனுப்பியாயிற்று. பதில் வரவில்லை, கப்பல் போய் வரட்டும். இன்னொன்று கொழும்பு மணிக்கூண்டு. 1857-இல் வெறும் கடிகாரக் கோபுரமாகக் கட்டி, பத்து வருடம் கழித்து உச்சியில் விளக்கையும் ஏற்றி, 1952 வரை இரண்டு வேலையும் வாங்கியிருக்கிறார்கள். கடிகாரமும் விளக்கும் தெளிவாகத் தெரிகிற பழைய அட்டை ஒருவரிடம் இருக்கிறது. அவர் சொல்லும் விலைக்கு நான் தயாரில்லை, நான் சொல்லும் விலைக்கு அவர் தயாரில்லை. ஒரு மூலை மடிந்திருக்கிறது, அதைச் சொல்லி இன்னொரு தடவை பேசிப் பார்க்கப் போகிறேன்.