கணைக்கால்

ஜனவரி 29

மறுபடி அதே இடம். வலது கணைக்கால், முட்டிக்கு ஒரு சாண் கீழே. விரல் வைத்து அழுத்தினால் சுரீரென்கிறது. சதை வலி இப்படி ஒரே புள்ளியில் நிற்காது. யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 1

பழைய ஹாலில் பரத வகுப்பு. குதித்து மெட்டு, அதாவது குதித்துக் குதிகாலைத் தட்டும் அடவு, மூன்று காலமும் (மூன்று வேகத்திலும்). அங்கங்கே சிவப்பு உரிந்துபோன சிமென்ட் தரை. மூன்றாம் காலத்தில் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்ளவே பாதி தெம்பு போய்விட்டது. "மண்டி ஏறுது, ஏறுது" என்று மேடம் தட்டுக்கழியை ஓங்கித் தட்டினார். முட்டியை மடக்கித் தாழ்ந்து நிற்பதுதான் மண்டி. வலித்தால் ஏறத்தான் செய்யும்.

பிப்ரவரி 2

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம்.

பிப்ரவரி 4

ஒன்றுமில்லை என்றால் ராத்திரியில் எது வலிக்கிறது?

பிசியோதெரபி படிக்கும் மாடி ரூம் அக்கா சொன்னது: எலும்பில் முடியளவு விழும் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ.தான் காட்டும். எலும்பு தேய்வதும் தன்னைத்தானே கட்டிக்கொள்வதும் ஓயாமல் நடக்கிறதாம். கட்டுகிற வேகத்தை உடைகிற வேகம் மிஞ்சினால் கீறல். சரி, பணம்? வீட்டில் நெல் இன்னும் களத்தில் கிடக்கிறது. பனியில் ஈரப்பதம் கொள்முதலுக்குக் கேட்கும் 17 சதவீதத்துக்கு இறங்கவில்லை என்று அப்பா நேற்றுதான் புலம்பினார்.

பிப்ரவரி 7

புது ஹாலுக்கு மரத்தரை போடுகிறார்கள்! வகுப்பே ஓடிப்போய்ப் பார்த்தது. வார்னிஷ் வாசனைக்கே எல்லோருக்கும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிமென்ட் மேல் நேராகப் பசை தடவி பிளைவுட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அடியில ரீப்பர் கட்டை இல்லையா?"

"எஸ்டிமேட்ல இல்லம்மா. இருந்தா அடிக்க மாட்டனா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குறுக்கும் நெடுக்கும் ரீப்பர், அதற்கு அடியில் ரப்பர், நடுவில் காற்றுக்கு இடம். அப்போதுதான் மிதிக்கும்போது பலகை ஒரு இழை தாழ்ந்து, காலில் விழும் அடியில் கொஞ்சத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். இது சிமென்ட்டுக்குச் சட்டை போட்டுவிட்டது மாதிரி. போட்டோவில் நன்றாக இருக்கும். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள், ஆனால் யாரும் குதித்துப் பார்க்கப் போவதில்லை.

ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்தான். கல்வெட்டில் ஒவ்வொருத்தி பெயரும் இருக்கிறது, தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எந்த வீடு என்பதும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ வெளியே போனாலோ அடுத்த உறவுக்காரர் அந்தப் பங்கைப் பெற்று ஆட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியானவரை வைத்து ஆட்டுவிக்க வேண்டும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரி இது. இன்றைக்குத்தான் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 8

என் இடத்தில் இரண்டாம் ஆண்டுப் பெண்ணை நிறுத்திப் பார்த்தார்கள். "சும்மா, ஃபார்மேஷனுக்கு" என்றார் மேடம்.

பிப்ரவரி 11

அம்மா: "கண்ணு பட்டிருக்கும்டி, உப்பு மிளகா சுத்திப் போடு." சிவராத்திரி நாட்டியாஞ்சலியில் நான் ஆடுவதைப் பார்க்க மன்னார்குடியிலிருந்து வேன் பேசியாகிவிட்டதாம். சித்தி, பெரியம்மா, எதிர்வீட்டு மாமி வரை. வேனில் இடம் போதவில்லை என்று சண்டை வேறு.

பிப்ரவரி 12

தியரி வகுப்பு. பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களில் (நாட்டிய அசைவுகளில்) 81தான் செதுக்கியிருக்கிறது, மீதி 27 வெறும் கல். ஏன் நின்றது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யாருக்கோ கணைக்கால் போயிருக்கும் என்றேன். சார் மட்டும் சிரித்தார்.

பிப்ரவரி 13

குதிக்கவில்லை. உட்கார்ந்து ஜதி மட்டும் சொன்னேன். அந்தப் பெண் நன்றாகத்தான் ஆடுகிறாள். அதுதான் எரிச்சல். முடிந்ததும் அவளும் கணைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், இடது கால். "எங்க வலிக்குது, காட்டு" என்றேன். "ஒண்ணுமில்லக்கா" என்று பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 16

நெல்லைக் கொள்முதலில் போட்டாயிற்று. நாளை காலை ஸ்கேன். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம். மூக்குத்தித் திருகு கழலவே மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டாயிற்று, மாடி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு திருகியும் பார்த்துவிட்டாள். மணி பதினொன்று.