ஒரு கட்டிலுக்கு இரண்டு போர்வை

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளில் குளிர் வேண்டியவரும் வெதுவெதுப்பு வேண்டியவரும் இரவில் வழக்காட வேண்டிய தேவையே இருந்ததில்லை. முகப்புத் திண்ணை, காற்று ஓடும் பட்டாலை என்னும் கூடம், வானம் தெரியும் வளவு என்னும் முற்றம், கனத்த சுவர்களுக்கு நடுவே உள்ளறை என்று வீடே நான்கைந்து விதமான தட்பவெப்பத்தைத் தன்னிடம் வைத்திருந்தது. சித்திரை இரவில் குளிர்ச்சி தேடுகிறவர் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு கோரைப்பாயை விரித்துக்கொள்வார். மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளாதவர் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போவார். எங்கள் ஐயா முற்றத்து ஓரத்தை விட்டு உள்ளே வந்து படுத்ததை நான் பார்த்ததில்லை. அப்பத்தாவோ பங்குனியிலும் உள்ளறையில்தான் தூங்குவார். அவரவர் உடம்புக்கு ஏற்ற இடத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்; போர்வை என்பது அதற்குப் பிறகு வந்த ஒரு சிறிய துணைதான்.

இன்று அதே வீட்டில், ஏ.சி. பொருத்திய ஓர் அறைக்குள், ஆறடி அகலக் கட்டிலில், ஒரே போர்வைக்கு அடியில் தூக்கம் அடங்கிவிட்டது. என் கணவருக்கு ரிமோட்டில் 22 இருக்க வேண்டும். எனக்கு 27 இருந்தால்தான் கால் விறைக்காமல் தூக்கம் வரும். இருவரும் 24க்கு ஒப்புக்கொண்டால் அவர் வியர்த்து எழுந்திருப்பார், நான் சுருண்டு கிடப்பேன். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.க்கள் யாவும் 24 டிகிரியிலேயே இயங்கத் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்லும் கணக்கு. இரண்டும் நல்ல செய்திகளே. ஆனால் அறைக்கு ஓர் எண்ணைக் குறிக்கலாமே தவிர, அதற்குள் படுக்கும் இரண்டு உடம்புகளுக்கும் அதே எண்ணைக் குறிக்க முடியாது. அந்த வேற்றுமையைச் சுமக்க வேண்டியது படுக்கைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்கு உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் ஒரு நேர்மையான விடை கிடைக்கிறது. போர்வையால் உடம்பின் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்க முடியும். குளிர்ச்சியைக் கொடுக்க முடியாது. எனவே அறையின் எண் வெப்பம் தாங்காதவரின் பக்கம் சாய வேண்டும். குளிர்கிறவர் தன் பக்கத்தை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு ஈடாக, வெப்பம் தாங்காதவர் தன் பக்கத்துப் படுக்கையில் வெப்பத்தைத் தேக்கும் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. தடித்த ஃபோம் மெத்தையில் பாலியெஸ்டர் விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொண்டு 22 கேட்பவர், மெத்தையும் விரிப்பும் மாறினால் 25க்கே நிம்மதியாகத் தூங்குவார்.

குளிர் நாடுகளில் இந்தச் சிக்கலுக்கு ஓர் அளவுகோலே இருக்கிறது. 1940களில் மான்செஸ்டர் நகரின் ஷர்லி ஆய்வு நிலையத்தில் உருவான ‘டாக்’ என்னும் அலகு, ஒரு துணி வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்கிறது. பிரிட்டனில் பஞ்சடைத்த போர்வைகளை இந்த எண் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்: கோடைக்கு 4.5, கடுங்குளிருக்கு 13.5. ஆண்டு முழுவதற்கும் என்று விற்கப்படும் போர்வையில் 4.5 டாக் ஒன்றும் 9 டாக் ஒன்றும் பொத்தானால் இணைந்திருக்கும். தேவைப்படும்போது தனித்தனியாகவும், மிகுந்த குளிரில் சேர்த்தும் போர்த்திக்கொள்ளலாம். தம்பதியருக்கென்றே ஒரு பாதி மெல்லியதாகவும் மறு பாதி கனத்ததாகவும் தைத்த போர்வைகளும் உண்டு. லண்டனில் இருக்கும் என் தம்பி குடும்பத்தார் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி வந்தபோது அப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அழகான வேலைப்பாடு. ஆனால் அதன் மெல்லிய பாதிகூட எங்கள் ஊருக்கு மிகக் கனம்.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூங்குகிற உடம்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. மூச்சிலும் ஈரம் ஆவியாவதிலும் ஒரு பங்கு போக, சுமார் 30 வாட் போர்வை வழியாக வெளியேற வேண்டும். ஒரு டாக் என்பது சதுர மீட்டருக்கு ஒரு வாட் வெப்பம் கடக்கும்போது இரு பக்கத்துக்கும் இடையில் 0.1 டிகிரி வேறுபாட்டை நிறுத்தி வைக்கும் தடுப்பு. ஆகவே 30 வாட்டுக்கு ஒரு டாக் சுமார் 3 டிகிரியைத் தாங்கும். போர்வை இல்லாமல் அசையாது படுத்திருப்பவருக்கு 29, 30 டிகிரிக் காற்று இதமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 24 டிகிரி அறைக்குத் தேவைப்படுவது 2 டாக் மட்டுமே. பிரிட்டனில் கோடைக்கானது என்று விற்கும் 4.5 டாக் போர்வை, இந்தக் கணக்குப்படி, 17 டிகிரியை நெருங்கும் அறைக்குத்தான் பொருந்தும். எங்கள் மார்கழி விடியல்கூட அவ்வளவு கீழே போவது அரிது.

இதே கணக்கை எங்கள் இருவருக்கும் பொருத்தினால் இன்னும் தெளிவாகிறது. 22க்கும் 27க்கும் இடையிலான 5 டிகிரியை நிரப்ப ஒன்றரை டாக்குக்குச் சற்று மேல் போதும். அசையாமல் நிற்கும் காற்று என்றால் இரண்டரை மில்லிமீட்டரே ஒரு டாக் ஆகிவிடும். நூலும் காற்றும் கலந்த துணி என்றால் 4 மில்லிமீட்டர் வேண்டும். அப்படியானால் கணவன் மனைவிக்கு இடையே நாள்தோறும் நடக்கும் இந்த ரிமோட் சண்டையின் மொத்த அளவும் 7 மில்லிமீட்டர் துணிக்குள் அடங்கிவிடுகிறது. நடுவே காற்று நிற்கும்படி தளர்வாக மடித்துப் போர்த்தினால் இன்னும் குறைந்த துணியே போதும். இதற்காகப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பாதி மெல்லியது, பாதி கனத்தது என்று ஒரே துண்டாகத் தைத்த போர்வையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனத்த பாதி தன் எடையால் மெல்லிய பாதியை இழுக்கும். ஒருவர் புரண்டால் நடு எல்லை மற்றவர் மேல் ஏறும். துவைத்தால் ஒரு பாதி காய்ந்து மறு பாதி ஈரமாகக் கிடக்கும். ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளில் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். அதுவே சரியான வழி. நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் ‘வேறு வைத்து’, ஒரே கூரையின் கீழேயே தனி அடுப்பும் தனிக் கணக்கும் கொடுத்துவிடுவார்கள்; அதனால் வீடு இரண்டாவதில்லை, புழங்குவதுதான் எளிதாகிறது. கட்டிலில் தனிப் போர்வை என்பதும் அப்படித்தான். இதைச் சொன்னாலே முகம் சுளிக்கிற பெரியவர்கள் உண்டு, தம்பதியருக்குள் ஏதோ பிணக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். ஒருவர் தூக்கத்தை மற்றவர் கெடுக்காமல் இருப்பதைவிடப் பெரிய அன்னியோன்னியம் எது என்று அவர்களிடம் நான் கேட்பதுண்டு.

எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். கணவருக்கு ஒற்றைப் பருத்தித் துப்பட்டி, அவ்வளவுதான். எனக்கு, நைந்து மென்மையான இரண்டு பழைய கண்டாங்கிச் சேலைகளை மடித்து, ஓரத்தை மட்டும் சுற்றித் தைத்து, நடுவில் அங்கங்கே நூல் முடிச்சுப் போட்ட போர்வை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலையின் தடித்த நூலும் நெருக்கமான நெசவும் உடுத்த நாள் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் போர்வையாக உழைக்கும். முழுவதும் நெருக்கித் தைத்தால் அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்று அழுந்திவிடும் என்பதால் முடிச்சோடு நிறுத்தச் சொன்னேன். தையற்காரர் தயங்கினார், பிறகு புரிந்துகொண்டார். இரண்டு போர்வைகளின் கால்மாட்டு ஓரத்திலும் நாடா வைத்திருக்கிறோம். அதைக் கட்டிவிட்டால் இரண்டும் நகராது, மேலே அவரவர் விருப்பம்.

கால் பக்கத்துக்குத் தனிக் கவனம் கொடுத்தேன். தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் சற்றே இறங்க வேண்டும். கை கால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து அந்த வெப்பத்தை வெளியே விடுகின்றன. கை கால்கள் வெதுவெதுப்பாக இருப்பவர்கள் விரைவில் உறங்கிவிடுகிறார்கள் என்று 1999இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே என் போர்வையில் முழங்காலுக்குக் கீழே மட்டும் இன்னொரு மடிப்பு உண்டு. மார்பின் மேல் கனத்தைக் கூட்டாமல் பாதத்தை மட்டும் மூடுவது, குளிர்கிற பலருக்குத் தடித்த கம்பளியைவிட நன்றாக உதவும்.

போர்வையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மெத்தை மறந்துபோகும். உடம்பின் ஒரு பெரும் பகுதி கீழே அழுந்திக் கிடக்கிறது; அங்கே போர்வைக்கு வேலையில்லை. உடம்பை வாங்கி உள்ளே அமிழ்த்திக்கொள்ளும் ஃபோம் மெத்தையில் தோலை ஒட்டிக் காற்று ஓட வழியில்லை. இலவம் பஞ்சு சூட்டைத் தணிக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். இலவ இழை உள்ளே குழல்போல் கூடாக, காற்று நிறைந்தது. அப்படிப்பட்ட ஒன்று வெப்பத்தைத் தடுக்குமே ஒழியத் தானாகக் குளிர்விக்காது. ஆனால் அது கட்டிதட்டாமல், வெயிலில் போட்டதும் மறுபடி உப்பி, புரளும்போதெல்லாம் காற்றை உள்ளே வெளியே விடுகிறது. பெரியவர்கள் உணர்ந்த இதம் அதனால் வந்ததாகவே இருக்க வேண்டும். போடிப் பக்கத்து நல்ல இலவம் பஞ்சு கிடைத்தால், அடித்துத் துவைக்காமல், மாதம் ஒரு முறை வெயில் காட்டினாலே போதும். வெப்பம் தாங்காதவர் அதன் மேல் ஒரு கோரைப்பாயை விரித்துக்கொண்டால், கோரைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் காற்று நின்று நகர்ந்து முதுகு வியர்க்காமல் காக்கும். என் கணவரின் பாதியில் அதைத்தான் செய்திருக்கிறோம். ஏ.சி. 25க்கு ஏறியது அதற்குப் பிறகுதான்.

‘கூலிங்’ என்று விற்கும் விரிப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றுள் சிலவற்றில் உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் மெழுகை நுண்ணிய உருண்டைகளாகப் பதித்திருப்பார்கள். தத்துவம் உண்மையானது. ஆனால் ஒரு கிராம் மெழுகு உருக ஏறத்தாழ 200 ஜூல் வெப்பம் போதும். ஒரு விரிப்பில் 100 கிராம் மெழுகு இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 70 வாட், அதாவது நொடிக்கு 70 ஜூல், வெளிவிடும் உடம்பின் ஐந்து நிமிட வெப்பத்துக்குத்தான் அது ஈடு. தொட்டவுடன் கிடைக்கும் குளிர்ச்சி விடியும் வரை நிற்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கணக்கு கொஞ்சம் மாறும். பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தை ஏற்கும், அடைமழையில் அதற்கும் மேல். ஈரம் ஏறிய போர்வை அழுந்திச் சில்லிட்டுப் போகும். பாலியெஸ்டர் ஈரத்தை ஏற்பதே இல்லை எனலாம். எனவே குளிர்கிறவர் அந்த இரண்டு மாதமும் தோலை ஒட்டிப் பருத்தியும் அதன் மேல் பாலியெஸ்டரில் செய்த மெல்லிய ஃப்ளீஸ் போர்வையும் என அடுக்கிக்கொள்ளலாம். வெப்பம் தாங்காதவருக்கு ஃப்ளீஸ் எந்த மாதத்திலும் வேண்டாம்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இந்த யோசனைகள் எவையும் பொருந்தா; தளர்ந்த போர்வையும் தலையணையும் குழந்தையின் படுக்கையில் இருக்கவே கூடாது. நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைக்க வேண்டாம். இதுவரை இல்லாமல் திடீரென்று குளிர் தாங்காமல் போனால் போர்வையைக் கூட்டுவதற்கு முன் இரத்தசோகையும் தைராய்டும் பார்த்துக்கொள்வது நல்லது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஒரே இரவில் வெப்பமும் குளிரும் மாறி மாறி வரும் பெண்களுக்கு, தடித்த ஒன்றைவிட எடுக்கவும் போடவும் எளிதான இரண்டு மூன்று மெல்லிய போர்வைகளே உதவும்.

செட்டிநாட்டு வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறவர்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையும் பார்க்க வருகிறவர்களுக்கு, எங்கோ மலைவாசத் தலத்துக்குத் தைத்தது போன்ற ஒரே வெள்ளை நிறத் தடித்த கம்ஃபர்டரைக் கட்டில் முழுவதும் விரித்து வைக்க வேண்டாம். ஆளுக்கொரு பருத்திப் போர்வையும், கால்மாட்டில் மடித்து வைத்த கூடுதல் ஒன்றும் இருக்கட்டும். பாய் கேட்பவருக்குப் பாய் கொடுங்கள்.

வருகிற தை மாதம் எங்கள் தங்கை மகளுக்குக் கல்யாணம். சீர் சாமான் பட்டியலில் ‘இரட்டை மெத்தை 1’ என்று இருந்ததை நானும் என் தங்கையுமாக உட்கார்ந்து மாற்றினோம். ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கம் அமையும் மூன்றடி அகல இலவம் பஞ்சு மெத்தை 2, இரண்டையும் சேர்த்து மூடும் பெரிய விரிப்பு 4, ஒற்றைத் துப்பட்டி 4, முடிச்சுப் போட்ட இரண்டடுக்குப் போர்வை 2, கோரைப்பாய் 2 என்று எழுதியிருக்கிறோம். யாருக்குக் குளிரும், யாருக்கு வியர்க்கும் என்று பிள்ளைகளுக்கே இன்னும் தெரியாது என்பதால், எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கும் மாற்றிக்கொள்ளும்படி ஒரே அளவில் தைக்கச் சொல்லியாகிவிட்டது.